கப்பல் ஏறும் தேதி

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு வயது 62. தூத்துக்குடியில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் 34 ஆண்டுகள் தமிழ் நடத்திவிட்டு 2022இல் ஓய்வு பெற்றேன். என் பெயரை வெளியிட வேண்டாம். நான் யாரைப் பற்றி எழுதுகிறேனோ அவளுடைய பெயரையும் எழுதவில்லை. எழுதினால் கை நின்றுவிடுகிறது. பள்ளியில் அவள் கணக்கு டீச்சர், நான் தமிழ் டீச்சர். நாங்கள் இருவர் மட்டும் இருக்கும்போது 'டீச்சர்' உதிர்ந்துவிடும். அவள் எனக்குக் கணக்கு, நான் அவளுக்குத் தமிழ். 1988 ஜூனில் ஒரே நாளில் வேலையில் சேர்ந்தோம். கடந்த மார்ச்சில் மார்பகப் புற்றுநோயால் இறந்துவிட்டாள்.

இறந்தவளிடம் கோபப்படுவது முறையில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். முறையில்லைதான். ஏழு மாதம் ஆகிறது, கோபம் போகவில்லை.

முதலில் அவளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கை வீட்டு மாடியில் இருந்தாள். விடியற்காலையில் அவர்கள் பங்குக் கோயிலில் பூசை கண்டுவிட்டுத்தான் பள்ளிக்கு வருவாள். சனிக்கிழமை மாலையானால் பனிமய மாதா கோயில். அவளுடைய பக்தி சத்தம் போடாத பக்தி. ஆசிரியர் அறையில் ஒரு கை விடைத்தாள் திருத்தும், இன்னொரு கை மேசைக்கு அடியில் செபமாலை உருட்டும். ஒரே செபத்தை ஐம்பது தடவை சொன்னால் உன் மாதாவுக்குச் சலிக்காதா என்று ஒருமுறை கேட்டேன். "ஐம்பது இல்லை தமிழ், 53. பகா எண். யாராலும் வகுக்க முடியாது" என்றாள். இப்படித்தான் பேசுவாள். மாலையில் தங்கை வீட்டு மொட்டை மாடியில் உப்பளத் தொழிலாளர் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் கணக்குச் சொல்லிக் கொடுப்பாள். சரியாகப் போட்ட பிள்ளைக்கு ஒரு மக்ரூன். தப்பாகப் போட்ட பிள்ளைக்கும் ஒன்று கொடுப்பாள், கொஞ்சம் தாமதமாக.

நான் பெரியார் தொண்டர் வீட்டுப் பெண். சுயமரியாதைத் திருமணத்தைச் சட்டம் ஏற்றுக்கொண்டதே 1967இல் அண்ணா முதல்வரான பிறகுதான். என் பெற்றோர் அதற்கு எட்டு ஆண்டு முன்பே புரோகிதர் இல்லாமல் மாலை மாற்றிக்கொண்டவர்கள். எனக்கும் அவளுக்கும் கடவுள் விஷயத்தில் கேலி உண்டு, சண்டை கிடையாது. ஒரே ஒரு முறை தவிர. 1998இல் அப்பா இறந்தபோது என்னைக் கேட்காமல் அப்பா பெயரில் பூசைக் கருத்துக் கொடுத்துவிட்டாள், அதாவது பூசையில் அவருக்காக வேண்டச் சொல்லிவிட்டாள். காலைப் பூசையில் சாமியார் அப்பாவின் பெயரை வாசித்திருக்கிறார். வாழ்நாள் முழுவதும் கடவுள் இல்லை என்று மேடையில் பேசிய மனிதரின் பெயரை! இரண்டு மாதம் அவளோடு பேசவில்லை. மன்னிப்புக் கேட்டாள். அதன்பிறகு யாருக்காக வேண்டுகிறாள் என்று என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

இப்போது என் வருத்தத்துக்கு வருகிறேன். 2023 ஆகஸ்ட் 5. பனிமய மாதா கோயில் திருவிழாவில் அன்று தங்கத்தேர். 1713இல் எழுந்த கோயில் அது. 300ஆம் ஆண்டுக்கு 2013இல் ஓடிய தேர், பத்து ஆண்டு கழித்து அன்றுதான் மறுபடி ஓடியது. ஊரே தெருவில் நின்றது, நானும் நின்றேன். தேர் பார்க்கக் கடவுள் நம்பிக்கை எதற்கு? எல்லோரும் 'மரியே வாழ்க' என்று முழங்கிக்கொண்டிருக்கும்போது என் காதருகில் குனிந்து, "தமிழ், எனக்கு மார்பில் கட்டி. மே மாதமே தெரியும்" என்றாள்.

மே, ஜூன், ஜூலை. மூன்று மாதம். இடையில் இரண்டு முறை மதுரைக்குத் தியானத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். பொய்யே சொல்லாதவள் எனக்குச் சொன்ன பொய் அது. பங்குச் சாமியாருக்குத் தெரியும், தங்கைக்குத் தெரியும், மடத்துச் சிஸ்டர்களுக்குத் தெரியும். 34 ஆண்டு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்த எனக்குத் தெரியாது. "மூன்று மாதமாக உன் மாதா என்ன செய்துகொண்டிருந்தாள்?" என்று கேட்டேன். கோபத்தில் வாயில் வந்ததுதான். அவள் சிரித்தாள்.

அந்த டிசம்பரில் வெள்ளம். பக்கத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த வெள்ளம். ரயில் இல்லை, பஸ் இல்லை. மதுரைக்கு மருந்து ஏற்றப் போக வேண்டிய நாள் தள்ளிப்போனது. இடுப்பளவு தண்ணீரில் பால் பாக்கெட்டைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நான் போகிறேன், அவள் மாடியில் உட்கார்ந்து செபமாலை சொல்கிறாள். மாதா பார்த்துக்கொள்வாள் என்றாள். பார்க்கவில்லை.

அடக்கத்தன்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன். கோயிலில் மூன்றாம் வரிசையில் தங்கை குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தேன். நற்கருணை (பூசையில் கொடுக்கும் அப்பம்) வாங்க அந்த வரிசை எழுந்தது, நானும் எழுந்துவிட்டேன். பின்னாலிருந்து ஒரு பெண் என் முழங்கையைத் தொட்டு, "டீச்சர், நீங்கள் உட்காருங்கள்" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் என் மாணவிகள் இருபது பேராவது பார்த்திருப்பார்கள். இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று கேட்டேன், பூசையில் அப்படிப் பேசும் வழக்கம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். யாரைப் பார்த்தாலும் "அவர்கள் மோட்சத்தில் இருக்கிறார்கள் டீச்சர், அழாதீர்கள்" என்றார்கள். அவள் எங்கே இருந்தால் எனக்கு என்ன, இங்கே இல்லையே. அழக்கூட விடமாட்டேன் என்கிறார்கள்.

நாள்கள் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. ஜூலை 26 கொடியேற்றத்துக்கு நான் போகவில்லை. ஆகஸ்ட் 5 அன்று கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டேன். செப்டம்பரில் மகன் மறுபடி கப்பல் ஏறினான் (சரக்குக் கப்பலில் செகண்ட் இன்ஜினியர், கப்பல் ஏறும் தேதி தெரிந்ததும் கணக்கிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது வழக்கம், இந்த முறை சொல்ல ஆள் இல்லை, இப்போதெல்லாம் இரவு இரண்டு மணிக்கு விழிப்புத் தட்டிவிடுகிறது, கப்பல் எங்கே நிற்கிறது என்று கைபேசியில் பார்த்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருக்கிறேன், வயதானால் தூக்கம் குறையுமாமே, இதற்கு மாத்திரை ஏதாவது உண்டா என்றும் உங்களிடம் கேட்க வேண்டும்). என் கணவர் ஒன்பதரைக்குப் படுத்தால் ஆறு மணிக்குத்தான் எழுவார். அதை விடுங்கள். நான் சொல்லவந்தது அந்த நினைவு அட்டையைப் பற்றி.

முப்பதாம் நாளுக்கு ஓர் அட்டை அச்சடித்தார்கள். ஒரு பக்கம் மாதா படம், மறுபக்கம் அவள் படம். சிரிக்காத படம். செபவாழ்வு, பக்தி, மாதாவின் அன்பு மகள், எல்லாம் இருந்தது. அவள் ஒரு கணக்கு டீச்சர் என்று ஒரு வரி இல்லை. 34 ஆண்டு வேலை! அந்த மொட்டை மாடி இல்லை. அவளுடைய கேலி இல்லை. என் சிநேகிதியை எடுத்துக்கொண்டு ஒரு சுரூபத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள்.

அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. சாப்பிடும்போது தங்கை சொன்னாள்: "அக்கா, உங்கள் பையன் கப்பல் ஏறும்போதெல்லாம் அவள் உவரிக்குப் போவாளே, உங்களுக்குத் தெரியாதா?" உவரியில் கப்பல் வடிவத்திலேயே கட்டிய மாதா கோயில் ஒன்று உண்டு. 2013இலிருந்து 13 முறை போயிருக்கிறாள். கடைசியாக இந்த ஜனவரியில், தலையில் முடி இல்லாமல், முக்காடு போட்டுக்கொண்டு, வாடகைக் காரில். என் மகனுக்காக, என்னைக் கேட்காமல்! 1998இல் அவ்வளவு நடந்த பிறகும்! மறுபடியும் மறைப்பு. நோயையும் மறைத்தாள், இதையும் மறைத்தாள். இவ்வளவு மறைத்த ஒருத்தியைச் சிநேகிதி என்று எப்படிச் சொல்வது?

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். கல்லறைக்கு வெள்ளையடித்துவிட்டோம், மந்திரிப்புக்கு (சாமியார் கல்லறையை ஆசீர்வதிப்பதற்கு) நீங்களும் வர வேண்டும் என்று தங்கை கூப்பிட்டிருக்கிறாள். போவதா வேண்டாமா? மூன்று மாதம் மறைத்தவளை நான் எப்படி மன்னிப்பது? இதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
தூத்துக்குடி

*

அன்புள்ள தமிழ் டீச்சர்,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். சிவப்பு மையோடு முப்பது ஆண்டு வாழ்ந்தவர் நீங்கள், அதனால் நானும் ஒரு சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டேன். ஒரே ஓர் இடத்தில்தான் கோடு போட்டேன். தங்கத்தேர் நாளிலோ நினைவு அட்டையிலோ போடவில்லை. நீங்கள் அடைப்புக்குறிக்குள் தள்ளி, "அதை விடுங்கள்" என்று பூட்டுப் போட்டுவிட்டுப் போன இடத்தில் போட்டேன். 'இந்த முறை சொல்ல ஆள் இல்லை.'

இதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும் என்று எழுதியிருக்கிறீர்கள். மன்னிக்க வேண்டும், நான் இதைத்தான் பேசப்போகிறேன்.

உங்கள் மகன் கடலுக்குப் போகத் தொடங்கி 11 ஆண்டு. 13 முறை கப்பல் ஏறினான், 13 முறையும் நீங்கள் தேதியைக் கணக்கு டீச்சரிடம் சொன்னீர்கள். எதற்காக? பக்கத்து வீட்டில் சொன்னதாக எழுதவில்லை. அண்ணன் தம்பியிடம் சொன்னதாகவும் எழுதவில்லை. விடியற்காலைப் பூசையைத் தவறவிடாத ஒரு பெண்ணிடம், தேதியை மட்டும், வேறு ஒன்றும் சேர்க்காமல் சொல்லிவிட்டு நகர்ந்திருக்கிறீர்கள். அவர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார் என்று உங்களுக்குத் தெரியாது என்றால் நான் நம்பமாட்டேன். உவரி தெரியாமல் இருந்திருக்கலாம். என்னைக் கேட்காமல் செய்தாள் என்று குமுறுகிறீர்கள். நீங்கள் கேட்டுக்கொண்டுதான் இருந்தீர்கள், டீச்சர். பதின்மூன்று முறை கேட்டீர்கள்.

அவரும் உங்களைப் புரிந்துகொண்டு, கேட்டதாகக் காட்டிக்கொள்ளாமல், செய்ததாகவும் காட்டிக்கொள்ளாமல் இருந்திருக்கிறார். 1998இல் நீங்கள் போட்ட நிபந்தனை அதுதானே? இரண்டு மாதம் பேசாமல் இருந்து அதை அவருக்குப் பாடமாகவே நடத்தினீர்கள். அவர் அதைக் கடைசிவரை காப்பாற்றினார். அதற்கு நீங்கள் இப்போது மறைப்பு என்று பெயர் வைக்கிறீர்கள். இது நியாயமில்லை.

இரண்டு பேர் நெடுநாள் சேர்ந்து இருந்தால் அவர்களுக்குள் வேலைகள் பிரிந்துகொள்ளும். வீட்டில் ஒருவர் கரண்ட் பில் கட்டுவார், இன்னொருவர் உறவுக்காரர் கல்யாணத் தேதிகளை நினைவில் வைத்திருப்பார். ஒருவர் போய்விட்டால் மற்றவர் கேஸ் புத்தகம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று தெரியாமல் வீட்டின் நடுவில் நிற்பார். என் அறைக்கு அப்படி வந்து நின்ற கணவர்கள் பலர். மனதிலும் இப்படிப் பிரிவினை உண்டு. ஒருவர் கோபப்படுவார், மற்றவர் சமாதானம் பேசுவார். ஒருவர் துணிச்சலாக இருக்க வேண்டுமென்றால் இன்னொருவர் அவருக்கும் சேர்த்துப் பயப்பட வேண்டும். உங்கள் இருவருக்குள் பயப்படுகிற வேலையைக் கணக்கு டீச்சர் பார்த்திருக்கிறார். நீங்கள் தேதியைக் கொடுத்துவிட்டு வந்து நிம்மதியாகத் தூங்கியிருக்கிறீர்கள். மார்ச்சில் அவர் போனபோது மகன் ஏற்கெனவே கடலில் இருந்தான், அந்தப் பயணத்துக்கு ஜனவரியிலேயே உவரிக்குப் போய் வந்துவிட்டார். செப்டம்பரில் 14ஆவது முறை. 11 ஆண்டுப் பயமும் மொத்தமாக உங்கள் கையில் வந்து விழுந்த இரவு அது. இரண்டு மணிக்கு விழிப்பு வருவதற்கு வயதைக் குறை சொல்லாதீர்கள்.

அது வீண் பயமும் இல்லை. 2023 நவம்பரில் செங்கடலில் சரக்குக் கப்பல்கள் தாக்கப்படத் தொடங்கின. மாலுமிகள் உயிர் இழந்திருக்கிறார்கள். பல கப்பல்கள் சூயஸ் வழியை விட்டுவிட்டு ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகத் தொடங்கின. அதனால் பயணம் ஏறத்தாழ பத்து நாள் நீண்டது. இவ்வளவு பெரிய கடிதத்தில் செங்கடல் என்ற சொல்லை நீங்கள் ஓர் இடத்திலும் எழுதவில்லை. சொன்னால் நடந்துவிடும் என்று அஞ்சுகிறவர்கள் அப்படித்தான் எழுதுவார்கள். பகுத்தறிவு வீட்டுப் பெண்ணிடம் இதைச் சொல்ல எனக்கும் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது.

கைபேசியில் கப்பலைப் பார்ப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தச் செயலிகளில் கப்பலின் புள்ளி திடீரென்று மறையும். நடுக்கடலில் செயற்கைக்கோள் வழித் தகவல் தாமதமாகலாம், ஆபத்தான பகுதியில் கப்பல்காரர்களே அடையாளக் கருவியை நிறுத்தி வைப்பதும் உண்டு. உங்களுக்கு அந்தப் புள்ளி மட்டும்தான் மகன். அது மறைந்தால் விடியும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். கணக்கு டீச்சர் செய்ததை நினைத்துப் பாருங்கள். 53 மணி. முடிந்ததும் செபமாலையைப் பைக்குள் போட்டுவிட்டு அடுத்த விடைத்தாளை எடுத்திருப்பார். அவருடைய மாதா இருக்கிறாளா இல்லையா என்ற வழக்கை நீங்களும் அவரும் 36 ஆண்டு நடத்தினீர்கள், நான் அதற்குள் வரவில்லை. ஆனால் அவருடைய பயத்துக்கு ஒரு கடைசி மணி இருந்தது. உங்கள் கைபேசியில் அது இல்லை.

இனி அந்த மூன்று மாதம். இறந்தவரின் மனதை நான் படிக்க முடியாது. ஆனால் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அவர் வாய் திறந்ததும் உங்களிடமிருந்து வந்த முதல் வாக்கியம் என்னவென்று. 'உன் மாதா என்ன செய்துகொண்டிருந்தாள்?' 34 ஆண்டு பக்கத்து நாற்காலியில் இருந்தவருக்கு அந்த வாக்கியம் வரும் என்று மே மாதமே தெரிந்திருக்காதா? நோய் வந்தவர்கள் அதை முதலில் சொல்வது வாதாடாதவர்களிடம். சாமியார் வாதாடமாட்டார், சிஸ்டர்கள் வாதாடமாட்டார்கள். மிக நெருக்கமானவரிடம் கடைசியில் சொல்கிறார்கள், ஏனென்றால் அங்கேதான் பதில் சொல்லத் தெம்பு வேண்டும். அந்தத் தெம்பு அவருக்கு எங்கே கிடைத்தது என்று பாருங்கள். தங்கத்தேருக்கு முன்னால் நின்றுகொண்டு சொல்லியிருக்கிறார். தனக்கு எது பெரிய பலமோ அதை ஒரு பக்கமும் உங்களை இன்னொரு பக்கமும் வைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். நீங்கள் அதைக் கடைசி இடம் என்று எண்ணிக் கலங்குகிறீர்கள்.

மன்னிப்பது எப்படி என்று கேட்டீர்கள். மன்னிக்க வேண்டியவர் அவர், டீச்சர். உங்கள் கேள்விக்குச் சிரித்த அந்த நொடியிலேயே அதைச் செய்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

அடக்கப் பூசையில் உங்கள் முழங்கையைத் தொட்ட பெண்ணை விட்டுவிடுங்கள். அவர்கள் சபையில் சேராதவர் நற்கருணை வாங்குவதில்லை, அது அவர்கள் முறை. பாவசங்கீர்த்தனம் (சாமியாரிடம் பாவ அறிக்கை) செய்யாமல் அவர்களில் சிலரே வாங்காமல் உட்கார்ந்துவிடுவதும் உண்டு. எனக்கு வேறொரு கேள்வி. நீங்கள் எதற்காக எழுந்தீர்கள்? வரிசை எழுந்தது, நானும் எழுந்தேன் என்கிறீர்கள். ஊரே எழுந்த எத்தனையோ இடங்களில் உட்கார்ந்தே இருந்து பழகிய குடும்பம் உங்களுடையது. அவர் தினமும் விடியற்காலையில் எங்கே போனாரோ அந்த இடத்துக்கு ஒரு முறை போய்ப் பார்க்கக் கால் எழுந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அதில் உங்கள் அப்பாவுக்கு எந்த அவமானமும் இல்லை. நீங்கள் நாளைக்கே ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டு நின்றால் விழுந்து விழுந்து சிரிக்கிற முதல் ஆள் கணக்கு டீச்சராகத்தான் இருப்பார். உங்களைக் கோயிலுக்குப் போகச் சொல்லவில்லை. ஒருவரின் நம்பிக்கையை ஏற்காமலே அதில் சாய்ந்துகொண்டு வாழ்ந்தேன் என்று ஒப்புக்கொள்ளச் சொல்கிறேன். கஷ்டம்தான். கொள்கைக்காரர்களுக்கு இன்னும் கஷ்டம்.

எங்கள் துறையில் நெடுங்காலம் வேறு மாதிரி சொல்லிவந்தார்கள். 1917இல் ஃப்ராய்ட் எழுதியதை வைத்து, இறந்தவரிடமிருந்து மனதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றிக்கொள்வதுதான் துக்கத்தின் வேலை என்று நம்பினோம். கழற்ற முடியாதவர்களை நோயாளிகள் என்றோம். 1990களில் துக்கத்தில் இருப்பவர்களோடு உட்கார்ந்து ஆராய்ந்தவர்கள் அந்த முடிவை மாற்றினார்கள். உறவு அறுந்துபோவதில்லை, வேறு வடிவத்தில் தொடர்கிறது, அதில் நோய் ஒன்றும் இல்லை என்றார்கள். வேடிக்கை என்னவென்றால், கல்லறைக்கு ஆண்டுதோறும் வெள்ளையடிக்கிற உங்கள் ஊர்க்காரர்கள் இதை யாரிடமும் கேட்காமல் செய்துவருகிறார்கள். உங்கள் வீட்டிலும் செய்திருப்பீர்கள். அப்பாவுக்குப் படத்திறப்பு நடத்தியிருப்பீர்களே? சடங்கு கிடையாது, ஒரு படம், ஒரு மாலை, அவரைத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து பேசுவது.

கணக்கு டீச்சருக்கு யார் படத்திறப்பு நடத்தினார்கள்? அட்டையில் கணக்கு இல்லை, மொட்டை மாடி இல்லை, மக்ரூன் இல்லை என்று வரிசையாக எழுதினீர்கள். அந்த அட்டையை அவருடைய குடும்பம் தங்களுக்குத் தெரிந்த மொழியில் எழுதியது. தங்கைக்கு அவர் செபம் சொல்லும் அக்கா. உங்களுக்குத் தெரிந்த ஆளைப் பற்றி எழுத வேண்டியவர் நீங்கள், அதுவும் தமிழ் டீச்சர், ஏழு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. எனக்கு எழுதிய இந்தக் கடிதத்தில்தான் முதன்முதலாக எழுதியிருக்கிறீர்கள். தப்பாகப் போட்ட பிள்ளைக்குக் கொஞ்சம் தாமதமாக மக்ரூன் கொடுப்பார் என்ற இடத்தில் நான் படிப்பதை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது முப்பது நாற்பது வயதிருக்கும். அதே மாடியில் கூட்டுங்கள். சிரிக்கிற படம் உங்களிடம் நிச்சயம் இருக்கும். அன்று நீங்கள் இரண்டு வார்த்தை என்ன, இரண்டு மணி நேரம் பேசலாம், யாரும் உட்காரச் சொல்லமாட்டார்கள்.

நவம்பர் 2 அன்று போங்கள். மெழுகுவர்த்தி கொடுத்தால் வாங்கி ஏற்றுங்கள், மந்திரிக்கும்போது சும்மா நில்லுங்கள். யாராவது மோட்சம் என்று சொன்னால், "எனக்கு அவள் இங்கே வேண்டும்" என்று சொல்லிவிட்டு அழுங்கள். ஒரு எச்சரிக்கை மட்டும். தங்கை நல்ல மனுஷி போலத் தெரிகிறது, அடுத்த முறை நான் உவரிக்குப் போகிறேன் அக்கா என்று சொன்னாலும் சொல்வார். அவருக்கு நன்றி சொல்லுங்கள், போக வேண்டாம் என்று தடுக்கவும் வேண்டாம். ஆனால் தேதியை அவரிடம் கொடுத்துவிட்டுத் தூங்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். கணக்கு டீச்சரோடு இருந்த ஏற்பாடு அவரோடு முடிந்தது.

உங்கள் கடிதத்தில் கணவர் ஒரே ஒரு வரியில் வந்து தூங்கப் போய்விடுகிறார். பாவம், அவருக்கு இரண்டு மணி இரவுகளைப் பற்றித் தெரியுமா? எழுப்புங்கள். இத்தனை ஆண்டுக் குடித்தனத்தில் அந்த உரிமை உங்களுக்கு உண்டு. அவனுக்கு அப்பா அவர், அவருக்கும் பயம் இருக்கும். அதைத்தான் தூங்கித் தீர்க்கிறாரோ என்னவோ.

மாத்திரை கேட்டீர்கள். கடையில் நீங்களாக எதுவும் வாங்காதீர்கள். கைபேசியை இரவில் படுக்கையறைக்கு வெளியே வையுங்கள். வாரத்தில் மூன்று இரவாவது இப்படி விழிப்பதென்பது மூன்று மாதத்தைத் தாண்டினால் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும், செப்டம்பரிலிருந்து எண்ணிக்கொள்ளுங்கள். ரத்த அழுத்தத்தையும் பார்த்துவிடுங்கள்.

மகனிடம் இதுவரை என்ன பேசினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. சாப்பிட்டாயா, கப்பல் எங்கே, அடுத்த துறைமுகம் எது என்று கேட்டிருப்பீர்கள். பயமாக இருக்கிறது என்று 11 ஆண்டில் ஒருமுறை சொல்லியிருக்கிறீர்களா? 33 வயது ஆள் அதைத் தாங்குவான். இப்போது கப்பல்களிலும் வாட்ஸ்அப் கிடைக்கிறது, கூப்பிடுங்கள். தான் கப்பல் ஏறிய 13 முறையும் திருச்செந்தூரைத் தாண்டி ஒருத்தி தனக்காகப் போய் வந்தாள் என்பதும், கடைசி முறை தலையில் முக்காடோடு போனாள் என்பதும் அவனுக்குத் தெரியாது என்றே நினைக்கிறேன். சொல்லுங்கள். அங்கே என்ன நேரம் என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், கப்பலில் தன் முறை வேலை (வாட்ச்) முடிந்து தூங்கிக்கொண்டிருக்கப் போகிறான்.